அந்த ஒரு தாளை விண்ணப்பித்த அன்றே கொடுங்கள்

எங்கள் நகரத்து வெளிநாட்டவர் அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை ஜெர்மன் மொழியில் எழுதி, தெரிந்தவரிடம் பிழை திருத்தி வாங்கி, பதிவுத் தபாலில் உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. அதனால் அதையே தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கணவரின் வேலைக்காக ஜெர்மனியில் இந்த ஊருக்கு வந்து, இங்கே தங்குவதற்கான வதிவிட அட்டைக்குக் காத்திருக்கும் தமிழ்ப் பெண்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். அட்டையைப் புதுப்பிக்க ஒருவர் விண்ணப்பித்தால், நீங்கள் முடிவு சொல்லும்வரை பழைய அட்டை செல்லும் என்று காட்டும் 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்கிற அந்தத் தற்காலிகத் தாளை அன்றே கொடுத்துவிடுங்கள். அட்டையை உடனே தாருங்கள் என்று கேட்கவில்லை. அது பெர்லினில் அச்சாகி வர வாரக்கணக்கில் ஆகும் என்று தெரியும். உங்களிடம் ஆள் போதவில்லை என்பதும் தெரியும். தாளை மட்டும் கொடுங்கள்.

சில வாரங்களுக்கு முன் கிட்டா என்கிற மழலைப் பள்ளியின் வாசலில் என் மகளோடு படிக்கும் குழந்தையின் அம்மா அழுதுகொண்டு நின்றார். அவர் கேரளத்துக்காரர், இங்கே மருத்துவமனையில் நர்ஸ். ஊரில் அப்பாவுக்குப் பக்கவாதம். அட்டை காலாவதியாகி இரண்டு மாதம் ஆகிறது. உங்களிடமிருந்து வந்த மின்னஞ்சலைப் போனில் காட்டினார். "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது. மீண்டும் எழுத வேண்டாம், எழுதினால் பரிசீலனை தாமதமாகும்." ஒரு சொல் மாறாமல் எனக்கு வந்த அதே மின்னஞ்சல். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் விஷயம் உங்கள் கோப்பில் இருக்கிறது. ஆனால் கோப்பில் தேதிகள் மட்டும்தான் இருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

என் அட்டை 2024 நவம்பர் 30 அன்று முடிந்தது. செப்டம்பர் 16ஆம் தேதியே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டேன், இரண்டரை மாதம் முன்னதாக. கிடைத்தது ஒரு எண் மட்டும். பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை கோவில்பட்டியிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். அம்மாவுக்கு மூச்சுத் திணறல், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறோம், முடிந்தால் கிளம்பி வா என்றான்.

அன்றிரவே மருத்துவமனைச் சான்றை ஜெர்மனில் மொழிபெயர்த்து உங்களுக்கு அனுப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு உங்கள் வாசலில் வந்து நின்றேன். எனக்கு முன்னால் ஏற்கெனவே முப்பது பேராவது இருந்தார்கள். ஒருவர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார், ஒரு பெண் கைக்குழந்தையைக் கோட்டுக்குள் வைத்து மூடியிருந்தார். எட்டு மணிக்குக் கதவு திறந்தது. முன்பதிவு இல்லாமல் உள்ளே விட எனக்கு அனுமதி இல்லை அம்மா என்றார் காவலர். அவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்தான், பேச்சில் தெரிந்தது. போனில் அம்மாவின் படத்தைக் காட்டினேன். ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்த எண் மணியடித்து மணியடித்துத் தானாகவே துண்டித்துக்கொண்டது. செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் அப்படித்தான்.

விமான நிறுவனத்தைக் கேட்டேன். போகலாம், ஆனால் செல்லுபடியாகும் அட்டையோ அந்தத் தாளோ இல்லாமல் சென்னையில் திரும்ப விமானம் ஏற்ற மாட்டோம் என்றார்கள். திரும்ப முடியாவிட்டால் சென்னையில் புது விசாவுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே நான்கு வயதுக் குழந்தை. அம்மாவைப் பார்க்கப் போனால் மகளை எத்தனை மாதம் பிரிந்திருக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு அம்மா போய்விட்டார். "நீ வர்றதா இருந்தா ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிடவா?" என்று அண்ணன் கேட்டான். எங்கள் பக்கத்தில் வெளியூரில் இருக்கும் மகள் வந்து முகம் பார்க்கட்டும் என்று இரண்டு நாள் கூட வைத்திருப்பார்கள். வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எடுத்தார்கள். இங்கே அப்போது ஐந்து மணி, இருட்டு. சமையலறையில் அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஊரில் அத்தைமார், சித்திமார் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். இந்த நாட்டில் காலை ஆறு மணி வரை சத்தம் கூடாது. கீழ்வீட்டில் தனியாக ஒரு வயதானவர் இருக்கிறார், நல்ல மனிதர். என் அம்மாவுக்கான ஒப்பாரியை நான் போனில் சத்தம் குறைத்துக் கேட்டேன். வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டேன். நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேத்தி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வாய்க்கரிசி போடுகிறவர்கள் வாருங்கள் என்று அங்கே ஒருவர் கூப்பிட்டார். நான் டப்பாவைத் திறந்து ஒரு பிடி அரிசி எடுத்தேன். எடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்து ஒரு வாரம் கழித்து உங்களிடமிருந்து அழைப்பு வந்தது. உள்ளே இருந்த அதிகாரி அம்மா மரியாதையாகப் பேசினார். கணினியில் என் பெயரைத் தட்டினார், வெளிர் பச்சைத் தாள் ஒன்றை அச்செடுத்தார், முத்திரை குத்தினார், கையெழுத்துப் போட்டார். 13 யூரோ கட்டினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மொத்தம் ஏழு நிமிடம். இவ்வளவு அவசரமா என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மேஜையின் இரண்டு பக்கமும் கோப்புகள் அடுக்கி வைத்திருந்தன. ஆனால் அந்த ஏழு நிமிடம் செப்டம்பரில் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அட்டை முடிவதற்கு முன் விண்ணப்பித்தால், நீங்கள் முடிவு சொல்லும்வரை பழைய அட்டை செல்லும் என்கிறது நான்காம் உட்பிரிவு. அதற்குச் சான்று வழங்க வேண்டும் என்கிறது ஐந்தாம் உட்பிரிவு. ஆக, அம்மா சாகக் கிடந்த அந்த வாரம் முழுக்கச் சட்டப்படி எனக்குப் போய்த் திரும்பும் உரிமை இருந்தது. அதைக் காட்ட ஒரு தாள்தான் இல்லை. நான் சலுகை கேட்கவில்லை. உங்கள் சட்டம் கொடுக்கச் சொன்னதைத்தான் கேட்கிறேன்.

நாங்கள் எங்கள் பங்கைச் செய்யாமல் இருந்தோமா? வீடு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் முகவரி பதிந்தோம். எங்கள் வழக்கத்தில் அப்பா பெயர்தான் பின்பெயர். எனக்கு என் அப்பா பெயர், என் கணவருக்கு அவர் அப்பா பெயர், குழந்தைக்குக் கணவரின் பெயர். பெயர் ஒட்டாத பெட்டியில் தபால் போட மாட்டார்கள் என்று தெரிந்ததும், ஒரே வீட்டுக்கு மூன்று குடும்பப் பெயர் எழுதி ஒட்டினோம். இது உங்கள் குழந்தைதானா என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் கேட்டபோது, பிறப்புச் சான்றை எடுத்துப் பொறுமையாகக் காட்டினோம். எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்று கற்றுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று சனிக்கிழமையே பால் வாங்கி வைக்கிறோம். வயிற்றில் குழந்தையோடு 600 மணி நேரம் மொழி வகுப்பும் 100 மணி நேரம் நாட்டறிமுக வகுப்பும் போய் முடித்தேன். திருமணமும் குடும்பமும் அரசின் சிறப்புப் பாதுகாப்பில் உள்ளவை என்று இந்த நாட்டின் அரசியல் சட்டமான அடிப்படைச் சட்டத்தின் 6ஆம் பிரிவை அந்த வகுப்பில்தான் படித்தேன். படித்த அன்று இந்த நாட்டின்மேல் எனக்கு உண்மையிலேயே மதிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் போனில் சொன்னேன். "நல்ல நாடாத்தான் இருக்கு, சூதானமா இரு" என்றார்.

2024 அக்டோபரில், என் விண்ணப்பம் உங்களிடம் கிடந்த அதே மாதத்தில், இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000த்திலிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மன் அரசு சொன்னது. ஊரில் சொந்தக்காரர்கள் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி வாழ்த்துச் சொன்னார்கள். வருகிறவர்கள் தனியாக வரமாட்டார்கள். மனைவி வருவார், கணவர் வருவார், பிள்ளை பிறக்கும், ஊரில் அம்மா அப்பாவுக்கு வயதாகிக்கொண்டே போகும். டெல்லியிலும் பெர்லினிலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் போடுகிறார்களா? யோசித்தால், உங்கள் அலுவலகத்துக்குக் கூடுதலாக ஆள் கொடுத்திருக்க மாட்டார்களா? விடியும் முன்னே குளிரில் நிற்கும் வரிசைக்கு ஒரு கூரையாவது போட்டிருக்க மாட்டார்களா?

சரி, அது நீங்கள் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. உங்களால் முடிந்ததைத் தயவுசெய்து செய்யுங்கள். இணையத்தில் விண்ணப்பம் ஏறியதும் எண்ணோடு சேர்த்து அந்தத் தாளையும் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். அதற்குக் காலம் ஆகும் என்றால், வாரத்தில் ஒரு நாள், காலை இரண்டு மணி நேரம், தாளுக்கு மட்டும் ஒரு சன்னல் திறங்கள். ஏழு நிமிட வேலைதான், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம், வீட்டில் சாவு, உயிருக்கு ஆபத்து என்று எழுதுகிறவர்களின் மின்னஞ்சலை மட்டுமாவது ஒரு மனிதர் படித்துப் பார்க்கட்டும்.

கேரளத்து அம்மாவின் விண்ணப்ப எண்ணை அவர் சம்மதத்தோடு பதிவுத் தபாலில் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அவருடைய அப்பா இன்னும் இருக்கிறார். தயவுசெய்து அவருடையதை முதலில் பாருங்கள்.

அதற்குக் கீழே என் மகளின் எண்ணும் இருக்கிறது. அவள் இதே ஊரில் பிறந்தவள். அவள் அட்டை ஆகஸ்ட் 14 அன்று முடிகிறது, மே மாதமே விண்ணப்பித்துவிட்டோம், எண் வந்திருக்கிறது. கோவில்பட்டியில் அப்பா தனியாக இருக்கிறார். தினமும் சாயங்காலம் போன் செய்து பேத்தியை எப்போது கூட்டி வருவாய் என்று கேட்கிறார். அவரிடம் ஒரு தேதி சொல்ல வேண்டும். அவளுடைய தாளை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நகரத்தில் வாழும் ஒரு கோவில்பட்டிக்காரி