படம் கிழிந்தால் கார்டை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினியை வேகப்படுத்தும் வழிகள் என்று பத்திரிகைகளின் தொழில்நுட்பப் பக்கங்களில் அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. விண்டோஸின் மெனு அசைவு, நிழல் போன்ற 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' அத்தனையையும் அணைத்துவிடுங்கள் என்பது அவற்றில் தவறாமல் இடம்பெறும் யோசனை. விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில், எச்டி வீடியோ திரையில் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரிவதற்கு இந்த யோசனையே முக்கியமான காரணம். படம் கிழிகிறதே என்று கடைக்குப் போனால் புது கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார்கள். காசு செலவில்லாமல், செட்டிங்கை மாற்றியே தீர்க்கக்கூடிய கோளாறு இது. அதனால்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கோளாறு இதுதானா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியை ஓடவிட்டு, விளக்குக் கம்பம், பனைமரம், கதவு நிலை என்று செங்குத்தாக நிற்கும் எதையாவது கவனியுங்கள். கம்பத்தின் மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்ப்பாதி சற்றுத் தள்ளியும் தெரிந்து, நடுவே படுக்கைவாட்டில் ஒரு வெட்டு ஓடினால் அது டியரிங், அதாவது படம் கிழிதல். அதே கணத்தில் கணினியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படம் பெரும்பாலும் முழுதாகவே வரும். கோளாறு படத்தில் இல்லை, படம் திரைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் இருக்கிறது. செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துச் சோதிக்க வேண்டாம். திரைகள் பொதுவாக மேலிருந்து கீழாகத்தான் மாறுகின்றன என்பதால், நன்றாக இருக்கும் திரையிலும் அதில் ஒரு வெட்டு தெரியும்.

அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல நிறைய மெல்லிய கோடுகள் வந்தால் அது வேறு. பழைய டிவிடி, தொலைக்காட்சிப் பதிவுகளில் வரும் இன்டர்லேஸ் (ஒரு படத்தை ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாகப் பிரித்துப் பதிவது) விவகாரம் அது. விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் டி (D) என்ற விசையை அழுத்தினாலே அடங்கிவிடும். படம் உறைந்து உறைந்து ஓடினால் பிராசஸர் திணறுகிறது. டியரிங்குக்குச் சொல்லும் வைத்தியம் இந்த இரண்டுக்கும் பலிக்காது.

சாதாரண மானிட்டர் நொடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒரு முறைக்கு 16.7 மில்லிசெகண்டு. ஃபுல் எச்டியில் கண்ணுக்குத் தெரிவது 1,080 வரிகள். வழக்கமான எச்டிஎம்ஐ கணக்கில், ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் படமில்லாமல் ஓடும் வெற்று வரிகளையும் சேர்த்தால் 1,125. அந்த 45 வெற்று வரிகள் ஓடும் நேரம் ஒரு மில்லிசெகண்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிய படத்தை வைக்க வேண்டிய தருணம் அதுதான். அதற்காகக் காத்திருப்பதற்குப் பெயர் வி-சிங்க். காத்திராமல் பாதி வரிகள் போன பிறகு படத்தை மாற்றினால், மேலே முந்தைய ஃப்ரேமும் (வீடியோவின் ஒரு தனிப்படம்) கீழே அடுத்த ஃப்ரேமும் நிற்கும். ஆகவே வேகமான கார்டிலும் படம் கிழியும், பத்து வருடப் பழைய இன்டெல் கிராபிக்ஸிலும் கிழியாமல் ஓடும். கேபிளுக்கும் இதில் சம்பந்தம் இல்லை. கேபிள் பழுதானால் புள்ளிகள் மின்னும், திரை கருத்துக் கருத்து மீளும். படம் இப்படி நேர்த்தியாக வெட்டுப்படாது.

விண்டோஸ் 7-இல் இந்தக் காத்திருப்பைக் கவனிப்பது டெஸ்க்டாப் கம்போசிஷன், அதாவது திறந்திருக்கும் ஜன்னல்களை ஒரே படமாகச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் வசதி. 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மெனு அசைவு, நிழல் இவற்றோடு சேர்ந்து அதுவும் அணைந்துவிடும். திரும்பப் பெற, கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். இடப்பக்கம் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் இருக்கும். அதற்குள் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியின் செட்டிங்ஸ் பட்டனை அழுத்தினால் பட்டியல் வரும். 'எனேபிள் டெஸ்க்டாப் கம்போசிஷன்', 'யூஸ் விஷுவல் ஸ்டைல்ஸ் ஆன் விண்டோஸ் அண்ட் பட்டன்ஸ்' இரண்டுக்கும் டிக் போடுங்கள். மற்றவை அணைந்தே இருக்கட்டும். பிறகு டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, பெர்சனலைஸில் ஏரோ தீம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பேசிக், கிளாசிக் தீம்களில் கம்போசிஷன் கிடையாது. ஏரோ தீம் வந்ததும் வீடியோவை முழுத்திரையில் ஓட்டிப் பாருங்கள்.

மெமரி போய்விடுமே என்ற பயம் தேவையில்லை. ஃபுல் எச்டி படம் ஒன்றில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் சுமார் 8 எம்பி. இப்படி மூன்று படங்களைக் கையில் வைத்திருந்தாலும் 25 எம்பிதான். திறந்திருக்கும் ஜன்னல்களுக்கும் கொஞ்சம் பிடிக்கும் என்றாலும், 2 ஜிபி மெமரி உள்ள கணினிக்கு அது தாங்காத சுமை அல்ல. (விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. படம் பார்க்க விண்டோஸ் 7 போதும். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்.)

ஏரோ தீமைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 'ஸ்டாண்டர்டு விஜிஏ கிராபிக்ஸ் அடாப்டர்' என்று இருந்தால், ஃபார்மட் அடித்தவர் கிராபிக்ஸ் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) போடவில்லை. விண்டோஸ் 10, 11-இல் அதே நிலைக்கு 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று காட்டும். மடிக்கணினியின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்திலேயே டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். டிரைவர் தேடித் தருகிறோம் என்று வரும் மென்பொருள்கள் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

விண்டோஸ் 8 முதல் கம்போசிஷனை அணைக்கவே முடியாது. அங்கும் படம் கிழிந்தால், டிரைவருக்கு அடுத்தபடியாக கார்டின் கன்ட்ரோல் பேனலைச் சந்தேகியுங்கள். கேம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டில், என்விடியா கன்ட்ரோல் பேனலின் மேனேஜ் 3டி செட்டிங்ஸில் வெர்ட்டிகல் சிங்க் (மேலே சொன்ன வி-சிங்க்) ஆஃப் செய்யப்பட்டிருக்கலாம். அவர்கள் வசதியைக் கெடுக்க வேண்டியதில்லை. அங்கேயே ப்ரோகிராம் செட்டிங்ஸ் தாவலில் வீடியோ பிளேயருக்கு மட்டும் ஆன் செய்துவிடலாம். ஏஎம்டி கார்டில் இதன் பெயர் 'வெயிட் ஃபார் வெர்ட்டிகல் ரெஃப்ரெஷ்'. மடிக்கணினியை டிவியில் இணைத்துப் பார்க்கும்போது டிவியில் மட்டும் கிழிந்தால், விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' கொடுத்துப் பாருங்கள். இரண்டு திரைகளின் புதுப்பிப்புத் தாளம் வேறுபடும்போது ஒன்றில் வெட்டு விழுவது உண்டு.

விஎல்சியில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், வீடியோ என்று போனால் அவுட்புட் என்ற வரி இருக்கும். டைரக்ட்-டிரா அல்லது ஜிடிஐ இருந்தால் டைரக்ட்3டி உள்ள ஒன்றுக்கு மாற்றி, சேவ் கொடுத்து, விஎல்சியை மூடித் திறக்க வேண்டும். மூடாமல் பார்த்துவிட்டு மாற்றம் இல்லை என்று முடிவு கட்டிவிடுபவர்கள் அதிகம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: உபுண்டுவில் பாஸ்வேர்டு கேட்கும் திரையின் கீழ்மூலையில் பல்சக்கரப் படம் இருக்கும், அதில் வேலண்ட் (திரைக்குப் படம் அனுப்பும் புதிய முறை) என்ற பெயர் இருந்து அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை அத்தோடு தீரும். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-யில், விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் என்பதற்குள் கம்போசிட்டர் (விண்டோஸின் கம்போசிஷன் போன்றது) ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும். மெமரி மிச்சம் பிடிக்க இங்கும் பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். என்விடியா கார்டு என்றால், அதன் செட்டிங்ஸ் செயலியில் டிஸ்ப்ளே கான்ஃபிகரேஷன், அட்வான்ஸ்டு போய் 'ஃபோர்ஸ் ஃபுல் கம்போசிஷன் பைப்லைன்' டிக் செய்யுங்கள். கான்ஃபிகரேஷன் ஃபைலில் சேமிக்காவிட்டால் அடுத்த முறை கணினியைப் போடும்போது பழையபடி ஆகிவிடும்.

வெட்டு நின்ற பிறகும் சிலருக்குப் படம் மெல்லத் தட்டித் தட்டிப் போவதாகத் தோன்றும். நம் தொலைக்காட்சிப் பதிவுகள் நொடிக்கு 25 ஃப்ரேம். 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்) திரையில் ஐந்து ஃப்ரேமுக்குப் பன்னிரண்டு புதுப்பிப்புகள் வருகின்றன. எனவே ஒரு ஃப்ரேம் இரண்டு முறையும் இன்னொன்று மூன்று முறையும் காட்டப்படுகிறது. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் டிவியின் ரெஃப்ரெஷ் ரேட்டை 50 ஹெர்ட்ஸாக மாற்றினால் எல்லா ஃப்ரேமும் சமமாக இரண்டிரண்டு முறை வரும். 24 ஃப்ரேம் சினிமாவுக்கு, டிவி ஏற்றுக்கொண்டால், 24 ஹெர்ட்ஸ்.

இத்தனைக்குப் பிறகும் புது கார்டு தேவைப்படக்கூடிய இடம் உண்டு. 4கே-யில் எச்இவிசி என்ற முறையில் சுருக்கிப் பதிந்த வீடியோவை, அதை விரிக்கும் வசதி இல்லாத பழைய கிராபிக்ஸில் ஓட்டுவது அப்படிப்பட்டது. அங்கே பிராசஸர் 100 சதவீதத்தைத் தொட்டு நிற்கும், படம் உறையும். அந்தக் கார்டையும் படம் கிழிவதற்காக வாங்கப் போவதில்லை.

வேகக் குறிப்புகள் வெளியிடும்போது, விண்டோஸ் 7-க்கானவற்றில் 'டெஸ்க்டாப் கம்போசிஷனை மட்டும் அணைக்காதீர்கள்' என்ற வரியையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் வாசகர் ஒருவர்