நாடகம் முடிந்த அடுத்த வாரம் பகுதி சபை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட சென்னையில் வீதி நாடகமும் கானாவும் பறையுமாக நடந்துவரும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. கலைஞர்களையே பேச விட்டிருந்ததும் பிடித்திருந்தது. ஆனால் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்து இன்றும் இங்கேயே குடியிருக்கிற எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. கூட்டம் கைதட்டிக் கலைவதோடு கட்டுரை நின்றுவிடுகிறது. அப்புறம் அந்தத் தெருவில் என்ன நடந்தது? நிகழ்ச்சி நடத்துகிறவர்களில் பலரும்கூட இதைக் கேட்டுக்கொள்வதில்லை.

என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிநீர், குப்பை, சாக்கடை, காற்று என்று எதைப் பற்றியாவது ஒரு தெருவில் நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தால், அந்த இடத்துக்கான பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று விசாரித்து, அதற்கு முந்தைய வாரத்தில் நடத்துங்கள்.

பகுதி சபை என்றால் என்னவென்றே எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது. நகரங்களில் கிராம சபைக்கு ஈடாக எதுவும் இல்லை என்ற குறையைப் போக்கத் தமிழக அரசு 2022-ல் இதற்கு விதிகள் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டையும் பல பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நாம் அந்தச் சபையின் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்டம் நடக்க வேண்டும். கவுன்சிலர் வந்து உட்கார வேண்டும். நாம் சொல்வது பதிவாக வேண்டும். இவ்வளவு இருந்தும் கூட்டத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் கட்சிக்காரர்களும் அவர்களுக்கு வேண்டப்பட்டவர்களும்தான். அதே தெருவில் ஒரு பறையடி கேட்டால் போதும், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்துவிடுகிறார்கள். இந்தக் கூட்டத்தை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் எங்கள் தெரு முனையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், குடிநீரில் சாக்கடை கலப்பதைப் பற்றி ஒரு நாடகம் போட்டார்கள். மேடை கிடையாது. மீன் விற்கும் அக்காக்கள் கூடையை ஓரங்கட்டி இடம் விட்டார்கள். ஒரு பையன் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிவந்து, முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான். முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா சட்டென்று எழுந்துவிட்டார். "அப்பிடி இல்ல கண்ணு. நாள் பூரா நாறாது. காலைல பம்பு அடிக்கறப்ப மொதல் நாலு கொடம்தான் நாறும். அப்புறம் தெளிஞ்சிடும். ஆபீசர் பத்து மணிக்கு வந்து மோந்து பாத்தா அவருக்கு என்னா தெரியும்?"

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். நாடகத்தை நிறுத்திவிட்டுக் குடத்தை அந்த ஆயா கையிலேயே கொடுத்தார்கள். "நீங்களே செஞ்சு காட்டுங்க ஆயா" என்றார்கள். அவர் செய்து காட்டினார். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் வாய் வந்தது. டீக்கடை இருக்கிற கோடியில்தான் அதிகம் என்றார் ஒருவர். மழை பெய்த மறுநாள் நிறமே மாறிவிடுகிறது என்றார் இன்னொருவர். வயிற்றுப்போக்கு எந்தெந்த வீட்டில் வந்தது என்று ஒரு பெண் விரல்விட்டு எண்ணினார். அவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. எங்களுக்குக் குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. ஓடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்துச் சாக்கடைக் குழாய் கசிந்தால், விரிசல் வழியாக அந்த அழுக்கு உள்ளே இறங்கிவிடும். மறுநாள் காலை முதலில் வரும் தண்ணீர் அதைத்தான் தள்ளிக்கொண்டு வரும். ஆக அந்த ஆயா சொன்ன நேரமும், டீக்கடைக்காரர் பக்கம் என்ற அடையாளமும் சேர்ந்தால், எங்கே தோண்ட வேண்டும் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

ஆனால் அதை யாரும் ஒரு தாளில் எழுதவில்லை. நாடகம் முடிந்தது, படம் எடுத்துக்கொண்டோம், பிள்ளைகளுக்கு மோர் கொடுத்தோம், கலைந்துவிட்டோம். அடுத்த பகுதி சபைக் கூட்டம் நடந்தபோது அந்தச் சூடு ஆறிப்போயிருந்தது. குடிநீர் பற்றிப் பேச்சு வந்தபோது, "தண்ணி சரியில்ல" என்று பொதுவாக ஒருவர் சொன்னார், "பார்க்கிறோம்" என்று பொதுவாக ஒரு பதில் வந்தது. காலை ஐந்தரைக்கு வந்து முதல் குடத்திலிருந்து மாதிரி எடுங்கள் என்று கேட்டிருந்தால் அப்படிப் பதில் சொல்லித் தப்பித்திருக்க முடியாது. அதைக் கேட்கத் தெரிந்த ஆயாவுக்குக் கூட்டம் நடப்பதே தெரியாது.

கலைக்கும் குடிமக்கள் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பெரம்பூர் வரலாற்றைப் படிக்க வேண்டும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கியது என்று எல்லோரும் எழுதுவார்கள். அதன் தலைவர்கள் என்று வாடியாவையும் திரு.வி.க.வையும் சொல்வார்கள். அதற்கு முன்பு பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்றை நடத்திவந்தார்கள். ஆன்மிகச் சொற்பொழிவு கேட்க அங்கே வந்தவர்களில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் உண்டு. ஆலையில் படும் பாட்டை அவர்கள் சொல்லக் கேட்டுத்தான் சங்கம் என்ற எண்ணமே வளர்ந்தது. சொற்பொழிவு கேட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் சங்கம் வந்திருக்காது. அங்கே அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, அடுத்த வேலையை எடுத்துச் செய்ய இரண்டு பேர் இருந்தார்கள்.

தொண்ணூறுகளில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க நடந்த அறிவொளி இயக்கமும் அப்படித்தான். சாயங்காலம் கலைக்குழு வந்து பாடி ஆடும். கூடவே, பாடம் நடத்தத் தொண்டர்கள் தயாராக இருப்பார்கள். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதுவரை அது போனது. பாட்டு மட்டும் இருந்திருந்தால் அது ஒரு நல்ல சாயங்காலமாக முடிந்திருக்கும்.

எண்ணூருக்கு வருகிறேன். கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் 2017 ஜனவரியில் வந்தது. எண்ணூர் கழிமுகத்தில் நின்று பாடினார். சென்னைக்குள்ளேயே ராயபுரத்தைத் தாண்டி வந்திராதவர்கள்கூட அதைப் பார்த்துத்தான் எங்கள் ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதைத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பாட்டுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அது வருவதற்கு முன்பே எண்ணூர் மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தார்கள். சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று 2022 ஜூலையில் தீர்ப்பு வந்ததற்கு அந்த வழக்கு வேண்டியிருந்தது. பாட்டு ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மனு அதிகாரியைப் பதில் சொல்ல வைத்தது. இரண்டில் எது பெரிது என்ற பேச்சே எனக்குத் தேவையில்லாததாகப் படுகிறது.

இன்னொரு விஷயம், இது அவசரமானது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி எழுந்த ஜனங்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகையும் வலையையும் நாசமாக்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அம்மோனியா தண்ணீரில் கரையும். அதனால் ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொள்ள வேண்டும். காற்று அடிக்கிற திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும், அதனால் குறுக்கே ஓட வேண்டும். இதைத் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்துக் கொடுத்தால் அரிசி டப்பாவுக்கு அடியில் போய்விடும். மணலியிலும் எண்ணூரிலும் ஒவ்வொரு குப்பத்திலும் இதை நடித்துக் காட்டலாம், பிள்ளைகளை ஓடவிட்டே பழக்கலாம். அப்புறம் அடுத்த வாரம் பகுதி சபையில், எங்கள் தெருவுக்கு அபாயச் சங்கு எங்கே, ஊதுவது யார் பொறுப்பு என்று அதே ஜனங்கள் கேட்கலாம். கொடுங்கையூர் குப்பை எரிஉலைத் திட்டத்தை எதிர்த்து 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாக நின்றவர்கள் இந்தப் பகுதி மக்கள்தான். கேட்கத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. நாடகத்துக்கு முன்னால் சால்வை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று முக்கால் மணி நேரம் எடுக்காதீர்கள். அதற்குள் பாதிப் பெண்கள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பறையடிக்கவும் கானா பாடவும் வருகிற எங்கள் பையன்களுக்குப் பேசிய பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். விழிப்புணர்வு என்ற பெயரில் இலவசமாக வாசிக்கச் சொல்வது அநியாயம். கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, நன்றாக எழுதத் தெரிந்த இருவரை உட்கார வையுங்கள். ஜனங்கள் சொல்வதை அவர்கள் பேசுகிற மாதிரியே, நேரம், இடம், வீடு என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கினால் போதும். அந்தத் தாள்களை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடாமல் அந்தத் தெருக்காரர் ஒருவரிடமே கொடுங்கள். கூட்டத்தில் எழுந்து பேச வேண்டியவர் அவர்தான்.

மாநகராட்சிக்கும் ஒன்று. நாடகத்தின் எழுத்துப்படியைக் காட்டி முன் அனுமதி வாங்க வைத்த 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் செல்லாது என்று சொல்லிவிட்டது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி போட்ட வழக்கு அது. ஆனாலும் இடத்துக்கும் மைக்குக்கும் இன்னும் அலைய வேண்டியிருக்கிறது. பகுதி சபைக்கு முந்தைய வாரம் மாலை நேரங்களில் மாநகராட்சிப் பள்ளி மைதானங்களைத் தெருக்காரர்களுக்குக் கட்டணம் இல்லாமல் திறந்துவிடுங்கள். விளக்கும் தண்ணீரும் இருந்தால் போதும். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் முதலில் செய்து பாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன உதவி. உங்கள் இதழில் நிகழ்ச்சிகள் பட்டியல் வெளியிடுகிறீர்கள். எந்த வார்டில் எந்த இடத்தில் எந்தத் தேதியில் பகுதி சபை என்பதையும் விசாரித்து அதற்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். நாடகம் போடுகிற பிள்ளைகள் அதைப் பார்த்துத் தேதி குறித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81