உங்கள் பாஸ்வேர்டு திருடுபோகவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் பில்லிங் மென்பொருளைப் பற்றி ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை உங்களில் பலர் எனக்கே அனுப்பி, "இது உண்மையா?" என்று கேட்டீர்கள். எல்லாருடைய பாஸ்வேர்டும் திருடுபோய்விட்டது என்கிறது அது. இல்லை. உங்கள் பாஸ்வேர்டு எங்களிடமே கிடையாது. அதை ஹேஷாக, அதாவது திரும்பப் பழையபடி மாற்ற முடியாத ஒரு எழுத்து வரிசையாக மாற்றித்தான் சேமிக்கிறோம். அந்த ஹேஷைப் பார்த்து யாரும் பாஸ்வேர்டைப் படித்துவிட முடியாது. மறந்துவிட்டது என்று நீங்கள் அழைக்கும்போதெல்லாம் பழையதைச் சொல்லாமல் புதிதாக வைக்கச் சொல்கிறோமே, காரணம் இதுதான். இத்தனை வருடப் பழக்கத்தில் இது உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் அந்தச் செய்தி இவ்வளவு வலித்தது.

தவறு வேறு இடத்தில், எங்கள் பக்கம்தான். லாகின் சரியாகவே வேலை செய்தது. அறிக்கைகளை எக்ஸெல்லில் இறக்கும் பக்கம் மட்டும், கேட்பவர் லாகின் செய்தவரா என்று சர்வரில் பார்க்காமல் இருந்தது. லாகின் செய்யாதவருக்கு மெனுவே தெரியாது, அதனால் போதும் என்று விட்டுவிட்டோம். ஆனால் முகவரி தெரிந்தால் நேரே போய்விடலாம். இந்த வழியில் வருபவரை நீளமான பாஸ்வேர்டும் தடுக்காது, ஓடிபியும் தடுக்காது. அவற்றைக் கேட்கும் இடத்துக்கே அவர் வருவதில்லை. இதே மாதிரிதான், 2024 பிப்ரவரியில், தொலைவிலிருந்து கணினிகளை இயக்க உதவும் ஸ்கிரீன்கனெக்ட் மென்பொருளில் நிறுவல் பக்க முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்தாலே நிறுவல் பக்கம் மறுபடி திறந்து, புதிய அட்மின் கணக்கை உருவாக்க விட்டது. அந்த ஓட்டைக்குத் தந்த தீவிர மதிப்பெண் 10க்கு 10. எங்களுக்குச் சாக்காக இதைச் சொல்லவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சர்வரில் ஒரே சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். புதிதாகச் சேர்க்கும் பக்கமும் நாங்கள் அனுமதி தரும்வரை மூடியே இருக்கும். கடந்த 30 நாள் பதிவுகளில் வெளியாள் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததாக இல்லை. அதற்கு முந்தைய பதிவுகள் சேமிப்பில் இல்லை.

நீங்கள் அப்டேட்டை இன்றே போட்டுவிடுங்கள். சர்வர் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் அதை இணையத்தில் நேராகத் திறந்து வைக்காமல் விபிஎன் (உங்கள் ஆட்கள் மட்டும் நுழையக்கூடிய பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டும் பயன்படுத்துங்கள். மற்ற மென்பொருள்களோடு இணைக்கும் ரகசியக் குறியீடுகளான ஏபிஐ சாவிகளையும் மாற்றிவிடுங்கள்.

தான் லாகின் செய்யாத கணினியிலும் அறிக்கை திறக்கிறதே என்று முதலில் கவனித்துச் சொன்னவர் உங்களில் ஒருவருடைய அலுவலகக் கணக்காளர். அவருக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். செய்தியைப் பார்த்த பிறகும் விலகிப் போகாமல் எங்களிடமே கேட்ட உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அப்டேட் ஓட்டையை அடைக்கும்; யாராவது ஏற்கெனவே ஒரு கணக்கை உருவாக்கியிருந்தால் அதை நீக்காது. பயனர் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் உடனே முடக்குங்கள், அழித்துவிடாதீர்கள். அது எப்போது உருவானது என்று நாங்கள் பார்க்க வேண்டும். எந்த நேரமானாலும் அழையுங்கள்.

அன்புடன்,
உரிமையாளர்