ஐஸ்லாந்து பயணம்: ஏப்ரல் 10-க்குள் பதில் தேவை

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் 5 முதல் 14 வரை என்று முடிவாகிவிட்டது. தீவைச் சுற்றும் 1-ஆம் எண் சாலை சுமார் 1,320 கி.மீ. நிதானமாகப் போனால்தான் அழகு, அதனால் பத்து நாள். செப்டம்பரில் இரவு நன்றாக இருட்டும். வானம் தெளிவாக இருந்தால் துருவ ஒளி தெரியலாம்.

1. வருகிறீர்களா, எத்தனை பேர்? ஏப்ரல் 10-க்குள் இங்கே எழுதுங்கள்.
2. ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) தேவைப்படுவோர் பாஸ்போர்ட் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும்.
3. கார் ஓட்டுபவர்கள் பெயர் தாருங்கள். சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். சக்கரத்தில் நசுங்கிய தரைப்பாசி மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். காற்று பலமாக அடிக்கும், கார்க் கதவைப் பிடித்தபடியே திறக்க வேண்டும்.
4. மழைக்கோட்டு, கம்பளி, நல்ல பூட்ஸ். குடை வேண்டாம், காற்றில் நிற்காது.
5. நீச்சலுடை அவசியம். வெந்நீர்க் குளங்களில் இறங்கும் முன் ஆடையில்லாமல் சோப்பு போட்டுக் குளிப்பது அங்கத்திய விதி. தயங்குவோர் இப்போதே மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள்.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு முக்கியமாக: ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் அமைதியாக இருக்கும் கடல் திடீரென்று பெரிய அலையை அனுப்பும். உயிர்கள் போயிருக்கின்றன. அலைக்கு முதுகு காட்டக் கூடாது, தண்ணீர் அருகே போகவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவசர எண் 112.

அப்புறம், ஏப்ரல் 12 ஞாயிறு மாலை 7 மணிக்கு வீடியோ அழைப்பில் தங்குமிடம், செலவு பேசலாம். வர முடியாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.