ஊக்கால் குத்திய மருந்துக் குப்பி

மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் கண் வார்டில்தான் போயிற்று. கண்புரை அறுவை பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. கால் மணி நேரத்துக்குள் லென்ஸ் வைத்து முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வீட்டில் சொட்டு மருந்தோடு ஓடும் நான்கு முதல் ஆறு வாரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பாட்டி ஏழாம் நாள் பரிசோதனைக்கு வந்தார். சொட்டு மருந்து விடுகிறீர்களா என்று கேட்டேன். "விடுறேன் தாயி. மொத ரெண்டு நாளு எவ்வளவு அமுக்குனாலும் வரல. அப்புறம் பேத்திதான் குத்திக் குடுத்தா" என்றார். மடியிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டினார். பேத்தி வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்கு! ஓட்டை பெரிதாகி, ஒரு சொட்டுக்கு நாலு சொட்டு கொட்டியது. மூடியைக் கடைசிவரை இறுக்கித் திருகினால் உள்ளே இருக்கும் முள்ளே முனையைத் துளைத்துவிடும். அதை நான் சொல்லவில்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கசக்காதீர்கள், பாரம் தூக்காதீர்கள் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனவள் நான். அறுவைக்கு முன் 5 சதவீத போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை விட்டு, இமையைத் துடைத்து, ஒரு கிருமி உள்ளே போய்விடக் கூடாதென்று அவ்வளவு பாடுபடுகிறோம். அந்தப் பாடெல்லாம் ஓர் ஊக்கு முனையில் வீணாகியிருக்கும். நல்லவேளை, கண் வெறுமே சிவந்திருந்ததோடு தப்பியது.

கண்ணின் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு இன்னும் குழப்பம். முதல் வாரம் ஆறு வேளை, பிறகு வாரத்துக்கு ஒரு வேளை குறைக்க வேண்டும் என்று சீட்டில் எழுதுகிறோம். எழுத்துக் கூட்டத் தெரியாதவர் என்ன செய்வார்? சட்டென்று நிறுத்தினால் கண் மறுபடி சிவந்து வலிக்கும். விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறலாம். இன்னொன்று, வலி வந்தாலும் நம் ஜனங்கள் உடனே வர மாட்டார்கள். 'டாக்டரு வர்ற திங்கக்கெழமைதான வரச் சொன்னாரு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். உள்ளே சீழ் பிடித்திருந்தால் திங்கட்கிழமைக்குள் பார்வையே போய்விடும்.

1976இல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டு பயிற்சி கொடுத்து நோயாளியோடு பேசும் வேலைக்கும் அமர்த்தியது. அந்த வேலைக்கென்று தனி ஆள் இருந்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு அதுவே போதும். நம் வார்டுகளில் ஊசி போடுகிறவளும் பதிவேடு எழுதுகிறவளும் சொல்லிக்கொடுக்கிறவளும் ஒருத்தியேதான். இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே கேட்கிறேன். முகாம் நாட்களில் சொல்லிக்கொடுக்க மட்டும் ஒரு நர்ஸை விடுங்கள். கீழிமையை இழுத்து, குப்பி முனை இமையில் படாமல், நோயாளியோ கூட வந்தவரோ அவள் கண்முன் ஒரு சொட்டு விட்டுக்காட்டிய பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு மருந்தென்றால் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி விடவும் அப்போதே பழக்கிவிடலாம். மூன்றாம் நாள் ஒரு போன் போட்டு வலி இருக்கிறதா, பார்வை மங்குகிறதா என்று கேளுங்கள். மாதக் கணக்கில் எத்தனை ஆபரேஷன் என்று கேட்கும்போது, எத்தனை பேர் சொட்டு விட்டுக்காட்டினார்கள் என்றும் கேளுங்கள்.

பழக்கிவிட ஆள் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள். காலிக் குப்பிகள் ஒரு பை நிறைய வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் வார்டு நர்ஸ்