கெண்டைக்காலில் வீசும் வாடை

வுப்பர்டால், ஜெர்மனி
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். குளிருக்கும் மழைக்கும் உடம்பு பழகிவிட்டது; நாக்குதான் இன்னும் பழகவில்லை. செய்யுள் ஒப்புவிப்பதில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவளுக்கு இந்த ஊர்ச் சொற்கள் ஏன் மனத்தில் நிற்கவில்லை என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன மாதம் மருத்துவமனையில் இரவுப் பணியின்போது, முகம் வெளிறிய ஒரு மூதாட்டி என்னிடம் ‘ஷுஸெல்’ கேட்டார். நான் அதை ‘ஷ்லுஸெல்’ என்று காதில் வாங்கிக்கொண்டு அவருடைய அலமாரிச் சாவியைத் தேடினேன். அவர் கேட்டதோ வாந்தியெடுக்க ஒரு கிண்ணம். படுக்கை விரிப்பு முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அவ்விரு சொற்களையும் நான் ஒரே நாளில் அடுத்தடுத்த வரிகளில் எழுதிப் படித்திருந்தேன். ஒலியால் ஒத்தவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று மற்றொன்றைக் கலைத்துவிடுகிறது. இப்போது ஒன்று ஊன்றிய பிறகே அடுத்ததைத் தொடுகிறேன்.

இதைவிடப் பெரிய பிழை, பட்டியலைப் பத்து முறை வாசித்துவிட்டு, கண்ணுக்குப் பழகியதையெல்லாம் மனத்தில் பதிந்ததாக எண்ணியதுதான். “புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்” என்பீர்களே, அதை மறந்திருந்தேன். இன்று இந்நகரின் ஒரு பகுதியாக உள்ள பார்மெனில் பிறந்த எபிங்ஹவுஸ் என்ற அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே நெட்டுருச் செய்து தம் மறதியை அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். படித்ததில் பாதிக்குமேல் ஒரு மணி நேரத்திற்குள் நழுவிவிடுகிறது, அதன்பின் நழுவல் மெதுவாகிறது என்பது அவர் கண்டது. ஆகவே மறக்கத் தொடங்கும் தறுவாயில் மீண்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு லைட்னர் என்பவர் 1972இல் எழுதிய நூலில் சொன்ன ஐந்து அறைப் பெட்டியை நான் ஒரு செருப்புப் பெட்டியில் செய்துகொண்டேன். ஒவ்வொரு சொல்லையும் ஓர் அட்டையில் எழுதி முதல் அறையில் வைப்பேன். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும்; அடுத்தடுத்த அறைகளை மேலும் மேலும் நாள் தள்ளிப் பார்ப்பேன். தவறியது எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும்.

சில சொற்களுக்குத் தமிழே கைகொடுக்கிறது. சிறுநீரகத்துக்கு இங்கே ‘நீரெ’ என்று பெயர். அதற்கு அட்டையே தேவைப்படவில்லை. கெண்டைக்கால் ‘வாடெ’. காய்ச்சல் கண்டால் ஈரத்துணியைக் கெண்டைக்காலில் சுற்றுவது இவர்களுடைய வீட்டு வைத்தியம். அந்த ஈரத்தின்மேல் வாடைக்காற்று வீசுவதாக ஒருமுறை நினைத்துக்கொண்டேன், பிறகு அச்சொல் என்னை விட்டுப் போகவேயில்லை.

நீண்ட சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, பிரித்தால் போதும். கணையத்தின் பெயர், வயிறு, உமிழ்நீர், சுரப்பி என்ற மூன்று சொற்களின் கோவை. என்னை வதைப்பவை சிறிய வினைகளே. ‘ஆப்நேமென்’ என்றால் இரத்தம் எடுப்பது. உடல் மெலிவதும் அதுவே. தொலைபேசியை எடுப்பதும் அதுவே. முன்னொட்டை மாற்றி ‘ஐன்நேமென்’ என்றால் மருந்து உட்கொள்வது. இவற்றைத் தனிச்சொல்லாகப் படித்துப் பயனில்லை என்பதால், நோயாளிகளிடம் அன்று நான் உண்மையில் கேட்ட வாக்கியத்தையே அட்டையில் எழுதுகிறேன்.

பால் வேறுபாடு இன்னொரு தொல்லை. இவர்களுக்கு முழுக்கை ஆண்பால், உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த கை பெண்பால், கால் ஒன்றன்பால். நம் திணை இலக்கணம் இங்கே செல்லாது. தாத்தா திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதியை எதுகையைப் பிடித்துக்கொண்டே தடையின்றி ஒப்புவித்ததாகச் சொல்வீர்கள். அந்த எதுகையையே நானும் பிடித்துக்கொண்டேன். 1901 முதல் ஓடும் தொங்கு இரயிலில், வுப்பர் ஆற்றுக்கு மேலே ஆடியபடிதான் தினமும் வேலைக்குப் போகிறேன். அதன் 20 நிலையங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை நிறுத்தி வைத்திருக்கிறேன். கழுகுப் பாலம் என்று பொருள்படும் ‘ஆட்லர்ப்ரூக்கெ’யில் ஒரு கிழட்டுக் கழுகு ஊன்றுகோலோடு நிற்கிறது: ‘ப்ரூக்கெ’ பாலம், ‘க்ரூக்கெ’ ஊன்றுகோல், இரண்டும் பெண்பால். நீதிமன்ற நிலையத்தில், அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதலைக் குறிக்கும் சொல். எதிரில் இருப்பவர்கள் நான் முணுமுணுப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பி2 என்னும் ஜெர்மன் மொழித் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன. இத்துடன் 40 சொற்களைத் தமிழ் எழுத்திலேயே ஒலிபெயர்த்து, பொருளோடு இணைத்துள்ளேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது நீங்கள் தமிழ்ச் சொல்லைச் சொல்லுங்கள், நான் ஜெர்மன் சொல்லைச் சொல்கிறேன். தயவுசெய்து வரிசைப்படி கேட்காதீர்கள். வரிசை எனக்கு இப்போதே மனப்பாடமாகிவிட்டது. நான் தடுமாறினால் அம்மா பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கவும் கூடாது.

தங்கள் அன்பு மகள்