பிரவுணிக்குப் பல் தீட்டும் கதை

வெள்ளவத்தை

அன்பு மச்சான் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. கௌரிக்கு முழங்கால் தேறி வருகிறது என்று வாசித்ததும் ஆறுதலாக இருந்தது. படி ஏற மட்டும் விடாதே. அவள் சொல் கேட்கிற ஆள் இல்லை என்று எனக்கும் தெரியும். இங்கே எல்லாரும் சுகம். பின்னேரத்தில் மழை கொட்டுகிறது, காலி வீதி வழமைபோல் நெரிசல். வேறு புதினம் இல்லை.

"இந்த வயதில் நாய்க்குப் பல்லு மினுக்கிக்கொண்டு இருக்கிறியாமே" என்று நக்கல் அடித்திருந்தாய். ஓமடா, எங்கள் வீட்டு நாய் பிரவுணிக்கு மினுக்குகிறேன்தான். அதே கடிதத்தின் கடைசியில், ஜிம்மி கிட்ட வந்தாலே வாய் நாறுகிறது, நாய் என்றால் நாறத்தானே செய்யும் என்றும் எழுதியிருக்கிறாய். அது அப்படி இல்லை. பெரும்பாலும் அந்த நாற்றத்துக்குக் காரணம் முரசில், அதாவது பல் ஈறில், வருகிற நோய்.

பல்லில் படிகிற பிசுக்கை அப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் காரையாக இறுகத் தொடங்கும். இறுகிய பிறகு எந்தப் பிரஷுக்கும் அசையாது. மிருக வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து, முரசுக்குக் கீழே இருப்பதையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டும். மயக்காமல் வெளியே தெரிவதை மட்டும் சுரண்டினால் பல் பளிச்சென்று இருக்கும், நோய் உள்ளே அப்படியே கிடக்கும். எங்களைப் போல நாய்க்குச் சூத்தைப் பல் அவ்வளவாக வருவதில்லை, அதன் தொல்லை காரைதான். பொமரேனியன் மாதிரிச் சின்ன வாய்க்காரருக்கு 42 பல்லும் நெருக்கியடித்து நிற்பதால் இன்னும் மோசம்.

பிரவுணியிடம் முதலில் பிரஷைக் காட்டவே இல்லை. நாய்க்கென்று விற்கிற பற்பசையை விரலில் தடவி நக்க விட்டேன். பழகிய பிறகு உதட்டைத் தூக்கி விரலால் தேய்த்தேன், அப்புறம் ஈரத் துணி, அதற்குப் பிறகுதான் சின்னப் பிள்ளைகளின் மெத்தென்ற பிரஷ். வாயைப் பிளக்கத் தேவையே இல்லை. பலர் அங்கேதான் சண்டை பிடித்துக் கடி வாங்குகிறார்கள். வாய் மூடியபடி இருக்க, மேலுதட்டைப் பின்பக்கமாகத் தூக்கிப் பார், கன்னத்தை ஒட்டி ஒரு பெரிய பல் தெரியும். எச்சில் அதற்குப் பக்கத்தில்தான் வந்து விழுகிறது, அதனால் காரை முந்திக் கட்டுவதும் அங்கேதான். பிரவுணிக்கு அந்தப் பல்லும் முரசும் சேருகிற இடத்தில் கோப்பையில் படிந்த தேநீர்க் கறைபோல ஒரு கோடு ஓடியது. பிரஷை முரசுப் பக்கம் சாய்த்துச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் போதும். உட்பக்கத்தைப் பெரும்பாலும் நாக்கே பார்த்துக்கொள்ளும். பின்னேரம் பல்கனியில் அவனை முழங்கால்களுக்கு நடுவில் இருத்தித்தான் இந்த வேலை. கடற்கரை ரயில் போனால் காதை மட்டும் திருப்புவான், மற்றபடி பேசாமல் இருப்பான்.

எங்களுடைய பற்பசையைத் தொட்டும் பார்க்காதே. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். புளோரைட் அதற்கு ஆகாது. சில பசைகளில் இனிப்புக்குப் போடுகிற சைலிட்டோல் நாய்க்கு நஞ்சு. இரத்தத்தில் சீனியைச் சட்டென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். நாய்க்கென்றே கோழி வாசத்தோடு பசை விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷும் சரிதான், முக்கியமான வேலையைச் செய்வது உராய்வுதானே. உன் ஐயாவின் உமிக்கரியும் உப்பும் வேண்டாம், மச்சான். கரி பல்லைத் தேய்த்துவிடும்.

ஆட்டெலும்பு கடித்தால் பல் தானாகச் சுத்தமாகும் என்று நீ வாதாடுவாய். அவித்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கெட்டியான எலும்பு நான் சொன்ன அந்தப் பெரிய பல்லையே பிளந்துவிடும். நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதே.

ஆனால் இதை வாசித்துவிட்டு நாளைக்கே பிரஷோடு இறங்காதே. ஜிம்மி வயசாளி. முரசு சிவந்து வீங்கியிருந்தால் பிரஷ் பட்டதும் வலிக்கும், பிறகு உன்னைக் கிட்டவே சேர்க்க மாட்டான். முதலில் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டு. சுத்தம் செய்து புண் ஆறிய பிறகு தொடங்கு, தொடங்கினால் தினமும் செய்.

மருமகன் தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் வருகிறான். பசை வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுது, அவனிடம் கொடுத்து விடுகிறேன். கௌரியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
நாதன்